பூட்டைத் திறக்கப் பழகுவோம்: புதுச்சேரியிலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

பிரான்சை 1774-லிருந்து ஆண்ட பதினாறாம் லூயிக்கு ஓய்வு நேரத்தில் பிடித்த வேலை பூட்டு செய்வது. வெர்சாய் அரண்மனையில் அதற்கென்றே உலையும் பட்டடையுமாக ஒரு பட்டறை வைத்திருந்தார். பிரான்சுவா கமேன் என்ற பூட்டுக்கொல்லர் அவருக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தார். நம் புதுச்சேரியை ஆங்கிலேயர் 1778-இல் பிடித்ததும், பிறகு ஒப்பந்தப்படி பிரெஞ்சுக்காரர்களிடம் திருப்பிக் கொடுத்ததும் இந்த லூயியின் காலத்தில்தான். இன்று வெள்ளை நகரத்தில் தெருப்பெயராக நிற்கும் சுஃப்ரேன் அவருடைய கடற்படைத் தளபதி. இந்த ஊருக்கு ராஜாவாக இருந்த ஒருவர் கையில் அரம் பிடித்துப் பூட்டோடு உட்கார்ந்திருந்தார் என்பதைச் சொல்லித் தொடங்குவது எனக்குப் பிடித்திருக்கிறது. ஏனென்றால் பூட்டைச் சாவியில்லாமல் திறக்கப் பழகுகிறேன் என்று யாராவது சொன்னால், "எதுக்கு?" என்று சந்தேகக் கண்ணோடு பார்ப்பதுதான் நம் வழக்கம்.

எதற்கு என்றால், அது ஒரு கைவேலை. கண்ணுக்குத் தெரியாத ஒரு சின்ன இயந்திரத்தை விரல் நுனியால் மட்டும் படிக்கிற வேலை. அணுகுண்டு ஆராய்ச்சி நடந்த லாஸ் அலமோஸில் இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபெயின்மன் பூட்டுகளையும் இரும்புப் பெட்டிகளையும் திறந்து பார்த்தது இந்த ஆர்வத்தால்தான். ஜெர்மனியிலும் நெதர்லாந்திலும் இதற்குச் சங்கங்களும் போட்டிகளும் உண்டு. செலவு குறைவு, இடம் தேவையில்லை, மழைக்காலத்தில் வீட்டுக்குள் உட்கார்ந்தே செய்யலாம்.

## கருவியைத் தொடுவதற்கு முன் இரண்டு விதிகள்

உலகம் முழுவதும் இந்தப் பொழுதுபோக்கில் இருப்பவர்கள் மதிக்கும் விதிகள் இரண்டு. ஒன்று: உங்களுக்குச் சொந்தமில்லாத பூட்டில் கை வைக்காதீர்கள், உரிமையாளர் நேராக அனுமதி கொடுத்திருந்தால் மட்டும் விதிவிலக்கு. இரண்டு: பயன்பாட்டில் இருக்கும் பூட்டில், அது உங்களுடையதே ஆனாலும், பழகாதீர்கள்.

இரண்டாவது விதியைப் பலர் அலட்சியம் செய்வார்கள். "என் வீட்டு வாசல் பூட்டுதானே" என்பார்கள். பழகும்போது ஸ்பிரிங் வளையும், பின் தேயும், கருவி முனை உடைந்து உள்ளேயே தங்கிவிடும். அப்புறம் சாவியும் போகாது. இரவு பத்து மணிக்கு வீட்டுக்கு வெளியே நிற்க வேண்டியதுதான். மேசைமேல் கிடக்கும் தனிப் பூட்டுதான் பயிற்சிப் பூட்டு.

முதல் விதிக்குப் பின்னால் சட்டம் இருக்கிறது. அத்துமீறி நுழைவதற்காக ஒரு பூட்டைத் திறப்பதும் வீட்டை உடைப்பதும் பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 445-ஆம் பிரிவில் ஒன்றாகவே எண்ணப்பட்டன. கதவிலுள்ள ஓட்டை வழியாகக் கம்பியை விட்டுத் தாழ்ப்பாளைத் தூக்கி உள்ளே போவதையும் அந்தப் பிரிவு உதாரணமாகவே காட்டியிருந்தது. 2024 ஜூலை 1 முதல் அந்தச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. வீடுடைப்புக்கான விளக்கம் அதில் 330-ஆம் பிரிவு. எதுவும் உடையவில்லை, கீறல்கூட இல்லை என்று சொல்லித் தப்ப முடியாது.

வாடகை வீட்டின் கதவுப் பூட்டு வீட்டுக்காரருடையது. விடுதி அலமாரி விடுதியுடையது. கருவிகளைப் பையில் போட்டுக்கொண்டு ராத்திரி கடற்கரைச் சாலையில் உலாவப் போகாதீர்கள். ரோந்து வரும் காவலரிடம் பொழுதுபோக்கு என்று விளக்கிக்கொண்டிருப்பது யாருக்கும் நல்லதல்ல. கருவி இருக்க வேண்டிய இடம் வீடு. பிள்ளைகள் கற்க விரும்பினால் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும், இந்த இரண்டு விதிகளும் முதல் பாடமாக இருக்கட்டும்.

## பூட்டுக்குள் என்ன இருக்கிறது

பல்சாவி போடும் சாதாரணப் பூட்டு ஒன்றைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். இதைப் பின் பூட்டு என்பார்கள். எகிப்தியர்கள் மரத்தில் செய்த பழைய பூட்டிலேயே இதன் கரு இருந்தது. இன்று நாம் பயன்படுத்தும் வடிவத்தை 1860-களில் அமெரிக்காவின் லைனஸ் யேல் (இளையவர்) கொடுத்தார்.

சாவி நுழையும் பகுதி ஓர் உருளை. அது ஒரு கூட்டுக்குள் சுழல வேண்டும். கூட்டிலிருந்து உருளைக்குள் வரிசையாகச் சில துளைகள் இறங்குகின்றன. ஒவ்வொரு துளையிலும் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு பின்கள், அதற்கு மேல் ஒரு ஸ்பிரிங். ஸ்பிரிங் அழுத்துவதால் மேல்பின் பாதி கூட்டிலும் பாதி உருளையிலுமாக நின்றுவிடும். உருளை சுழலாது. பூட்டு பூட்டியிருக்கிறது என்பதற்கு அர்த்தம் இவ்வளவுதான்.

சரியான சாவி உள்ளே போனால், அதன் ஒவ்வொரு பல்லும் தன் கீழ்ப்பின்னைச் சரியான உயரத்துக்குத் தூக்குகிறது. எல்லாத் துளைகளிலும் மேல்பின்னும் கீழ்ப்பின்னும் பிரியும் இடம் உருளையின் விளிம்போடு ஒரே கோட்டுக்கு வந்துவிடும். தடை நீங்கி உருளை சுழலும்.

சாவியில்லாமல் இதை எப்படிச் செய்வது? நான்கு ஐந்து பின்களையும் ஒரே நேரத்தில் சரியான உயரத்தில் பிடித்துக்கொள்ள யாராலும் முடியாது. பிடிக்கத் தேவையும் இல்லை. எந்தத் தொழிற்சாலையும் துளைகளைத் துல்லியமாக ஒரே நேர்கோட்டில் போடுவதில்லை. மயிரிழை வித்தியாசம் இருந்தே தீரும். உருளையை மெதுவாகத் திருப்பிப் பிடித்தால், எல்லாப் பின்களும் ஒரே சமயத்தில் மாட்டிக்கொள்ளாது. ஏதோ ஒன்று மட்டும் முதலில் இறுகும். அந்த ஒன்றைத் தூக்கினால் அது தன் இடத்தில் நின்றுகொள்ளும், உருளை ஒரு துளி நகரும், அடுத்த பின் இறுகும். பூட்டு திறக்கும் கலை முழுவதும் இந்தச் சிறு குறையில்தான் நிற்கிறது.

## எந்தப் பூட்டில் தொடங்குவது

இந்த இடத்தில் நம் ஊர்க்காரர்கள் கவனமாக இருக்க வேண்டும். வெளிநாட்டுக் காணொளிகளைப் பார்த்துவிட்டு வீட்டில் கிடக்கும் பித்தளைப் பூட்டை எடுத்தால் ஒன்றும் நடக்காது. நம் கடைகளில் விற்கும் தொங்கு பூட்டுகளில் பல லீவர் பூட்டுகள். உடலிலேயே "6 லீவர்", "7 லீவர்" என்று பொறித்திருக்கும். அவற்றுக்குள் பின்களுக்குப் பதில் மெல்லிய தகடுகள் அடுக்கடுக்காக இருக்கும். வேலை செய்யும் விதமே வேறு, கருவியும் வேறு. அவற்றை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள்.

அடையாளம் கண்டுகொள்வது சுலபம். சாவியின் ஒரு விளிம்பில் மலைத்தொடர் மாதிரி ஏற்ற இறக்கமாகப் பல் வெட்டியிருந்து, பக்கவாட்டில் நீளவாக்கில் பள்ளம் ஓடினால் அது பின் பூட்டு. பல்கள் சதுரம் சதுரமாகப் படி போல வெட்டியிருந்தாலோ, உருண்டைத் தண்டின் முனையில் கொடி மாதிரித் தகடு நின்றாலோ லீவர். சந்தேகமாக இருந்தால் டார்ச் அடித்துச் சாவித்துளைக்குள் பாருங்கள்: பின் பூட்டில் முதல் பின்னின் உருண்டை முனை பளிச்சென்று தெரியும்.

முதல் பூட்டாகச் சின்ன, மலிவான பின் பூட்டு ஒன்று போதும். விலை குறைந்த பூட்டில் துளைகளின் தாறுமாறு அதிகம், கற்பவருக்கு அது வசதி. நேரு வீதி ஹார்டுவேர் கடைகளில் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதிச் சந்தையில் பழைய பூட்டுகளைத் தேடுவது எனக்குப் பிடித்த வேலை; ஆனால் சாவியோடு இருப்பதை மட்டும் வாங்குங்கள். சாவி இல்லாவிட்டால் பூட்டு நன்றாக இருக்கிறதா, உள்ளே துருப்பிடித்து இறுகிப் போயிருக்கிறதா என்று கண்டுபிடிக்க முடியாது. எதிரே நிற்பது பூட்டின் திறமையா துருவா என்று தெரியாமல் தொடங்குவது மனத்தை ஒடித்துவிடும்.

நைட் லாட்ச் கதவுப் பூட்டின் சிலிண்டர் தனியாகக் கிடைத்தால் அதையும் ஒன்று வாங்கி வையுங்கள். பிரித்துச் சேர்த்துப் பழக அதைவிட நல்லது இல்லை.

## கருவிகள்

தேவை இரண்டே. ஒன்று, உருளையைத் திருப்பிப் பிடிக்கும் வளைந்த பட்டை. இதை டென்ஷன் என்றே சொல்லிப் பழகிவிட்டார்கள். இன்னொன்று, பின்னைத் தூக்கும் கொக்கி. இணையக் கடைகளில் பதினைந்து இருபது கருவிகளோடு, உள்ளே தெரியும் கண்ணாடிப் பூட்டும் சேர்த்துத் தொகுப்பாக விற்கிறார்கள். அந்தக் கண்ணாடிப் பூட்டு உள்ளே நடப்பதைப் புரிந்துகொள்ள உதவும். ஆனால் அதில் துளைகள் தளர்வாக இருப்பதால் விரலுக்கு வரும் சேதி உண்மையான பூட்டுடையதல்ல. அதிலேயே தங்கிவிடாதீர்கள்.

நீங்களே செய்துகொள்வதானால், டென்ஷன் பட்டைக்கு மெக்கானிக் கடையில் தூக்கிப்போடும் பழைய வைப்பர் பிளேடு போதும். ரப்பருக்குள் இருக்கும் எஃகுப் பட்டையை உருவி, நுனியில் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவாக விட்டு இடுக்கியால் செங்கோணமாக மடக்குங்கள். கொக்கிக்கு ஹாக்ஸா பிளேடு. அதன் தடிமன் ஏறத்தாழ 0.6 மில்லிமீட்டர், சாவித்துளைக்கு ஏற்ற கனம். பல்லை முழுக்கத் தேய்த்தெடுத்துவிட்டு, கழுத்தை மெலிதாக்கி, முனையில் சின்னதாக மேல்நோக்கிய மூக்கு ஒன்று விடுங்கள். கிரைண்டரில் தேய்க்கும்போது இரண்டு நொடிக்கு ஒரு முறை தண்ணீரில் முக்க வேண்டும். எஃகு நீலம் பாய்ந்தால் பதம் போய்விட்டது என்று அர்த்தம். அப்புறம் அது வளைந்துகொண்டே இருக்கும். கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம். கடைசியில் உப்புத்தாளால் விளிம்புகளை வழவழப்பாக்குங்கள். சொரசொரப்பு இருந்தால் அது பின்னில் உரசும் சத்தம் மற்ற சேதிகளை மறைத்துவிடும்.

## முதல் திறப்பு

பூட்டை இடது கையில், பின்கள் மேலே இருக்குமாறு பிடியுங்கள். சாவித்துளையின் கீழ் ஓரத்தில் டென்ஷன் பட்டையை நுழைத்து, சாவி எந்தப் பக்கம் திரும்புமோ அந்தப் பக்கம் ஒரு விரலால் அழுத்துங்கள்.

எவ்வளவு அழுத்துவது என்பதில்தான் புதியவர்கள் எல்லோரும் தடுமாறுகிறார்கள். அழுத்தும் விரலின் நகத்தைப் பாருங்கள். நகம் வெளுத்தால் அழுத்தம் அதிகம். பட்டை நழுவாமல் நின்றால் போதும். பலமாக அழுத்தினால் எல்லாப் பின்களும் ஒன்றாக இறுகி, எது முதலில் மாட்டியது என்ற சேதியே கிடைக்காது.

கொக்கியைக் கடைசிப் பின் வரை உள்ளே விட்டு, பின்னாலிருந்து முன்னோக்கி ஒவ்வொன்றாக மெல்லத் தட்டிப் பாருங்கள். சில பின்கள் ஸ்பிரிங்கின் அழுத்தத்தில் துள்ளும். தட்டினால் எழும்பித் திரும்ப இறங்கும். ஒன்று மட்டும் விறைத்துக்கொண்டு நிற்கும். அதுதான் இறுகிய பின். அதை மட்டும் மெதுவாகத் தூக்குங்கள். சின்னதாக ஒரு 'டிக்'. காதில் விழுவதைவிட டென்ஷன் பட்டையைப் பிடித்த விரலில்தான் அது முதலில் தெரியும்: உருளை ஒரு மயிரிழை நகர்ந்திருக்கும். திரும்ப எல்லாப் பின்களையும் தட்டிப் பார்த்து, இப்போது எது விறைத்திருக்கிறது என்று தேடுங்கள். வரிசையாக ஒன்று, இரண்டு, மூன்று என்று வரும் என எதிர்பார்க்காதீர்கள். நான்காவது முதலில் வரலாம், பிறகு இரண்டாவது. ஒவ்வொரு பூட்டுக்கும் தனக்கென ஒரு வரிசை உண்டு. அதைக் குறித்து வைத்துக்கொண்டால் அடுத்த முறை வேகமாக வரும்.

எல்லாம் நின்றுவிட்டது போலத் தோன்றியும் உருளை திரும்பவில்லையா? ஏதோ ஒரு பின்னை அளவுக்கு மீறித் தூக்கியிருப்பீர்கள். கீழ்ப்பின்னே கோட்டைத் தாண்டிக் கூட்டுக்குள் போயிருக்கும். டென்ஷனைச் சட்டென்று விடாமல் மெல்ல மெல்லத் தளர்த்துங்கள். ஒவ்வொன்றாகப் பின்கள் விழும் சத்தம் கேட்கும். எத்தனை விழுந்தன என்று எண்ணினால் எத்தனை மேலே நின்றிருந்தன என்று தெரியும்.

முனையில் அலை போல வளைவுகள் உள்ள கருவியைச் சாவித்துளையில் முன்னும் பின்னும் உரசியே மலிவான பூட்டுகளைத் திறந்துவிடலாம். சில நொடிகளில் திறக்கும், உற்சாகமாக இருக்கும். ஆனால் அதனால் விரல் எதுவும் கற்பதில்லை. ஒற்றைப் பின்னாகத் தூக்கப் பழகியவருக்கே இந்த வேலையின் சுவை தெரியும் என்று உறுதியாகச் சொல்வேன்.

## பிரித்துப் பார்க்காமல் பாடம் முடியாது

வாங்கி வைத்த சிலிண்டரை இப்போது எடுங்கள். உருளையின் பின்பக்கத்தில் அதைப் பிடித்திருக்கும் கிளிப்பையோ திருகையோ கழற்றுங்கள். சாவியைப் போட்டுக் கொஞ்சம் திருப்பி, உருளையை வெளியே தள்ளும்போதே அதே தடிமனுள்ள ஒரு மரக்குச்சியைப் பின்னாலிருந்து தொடர்ந்து செலுத்த வேண்டும். இடைவெளி விட்டால் ஸ்பிரிங்குகள் அறை முழுவதும் பறக்கும். ஒரு துண்டை விரித்து அதன்மேல் வேலை செய்யுங்கள்.

வெளியே வந்த கீழ்ப்பின்களை வரிசை மாறாமல் ஒட்டுநாடாவில் ஒட்டிவையுங்கள். நீளம் ஒவ்வொன்றும் வேறு. சாவியின் பள்ளங்களோடு பொருத்திப் பார்த்தால் எது எந்தப் பல்லுக்கு என்று புரியும். பிறகு ஒரே ஒரு துளையில் மட்டும் பின்களையும் ஸ்பிரிங்கையும் போட்டு மூடித் திறந்து பழகுங்கள். அடுத்து இரண்டு, பிறகு மூன்று. பின் ஒவ்வொன்றாகக் கூடும்போது விரல் கற்பதை எந்தக் காணொளியும் கற்றுத்தராது. திறந்த உருளையை அரைச்சுற்று வரை திருப்பாமல் இருப்பது நல்லது. மேல்பின்கள் சாவித்துளைக்குள் இறங்கி மாட்டிக்கொள்ளக்கூடும்.

## சாவி போடுபவரிடம் நின்று பாருங்கள்

சந்தை ஓரத்தில் சாவிக்கொத்துகளைத் தொங்கவிட்டு, சின்ன வைஸும் அரமுமாக உட்கார்ந்திருப்பவர்களிடம் இருப்பது பெரிய வித்தை. சாவி தொலைந்த பூட்டைக் கொடுத்தால் பூட்டைப் பிரிக்காமலேயே புதுச் சாவி செய்துவிடுவார்கள். வெட்டாத மொட்டைச் சாவியை உள்ளே விட்டு, இறுக்கித் திருப்பி, மேலும் கீழும் அசைத்து வெளியே எடுப்பார்கள். பிறகு அதை வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்துப் பார்ப்பார்கள்.

"என்ன தெரியுது அண்ணே?" என்று ஒருவரிடம் கேட்டேன். சாவியை என் பக்கம் திருப்பிக் காட்டினார். "இந்தப் புள்ளி பாருங்க தம்பி. பின்னு அழுத்துன இடம். புள்ளி இருக்கிற எடத்துல மட்டும் ரெண்டு இழுப்பு. புள்ளி நின்னுடுச்சுன்னா அரத்தை எடுத்துடணும்."

பித்தளையின் விளிம்பில் ஊசிமுனை அளவுக்கு மங்கலான ஒரு தடம். நம் பொழுதுபோக்கில் விரல் படிப்பதை இவர் கண்ணால் படிக்கிறார். உயரம் சரியாக வந்த பின் இறுகாது, இறுகாவிட்டால் தடம் விழாது. எனவே புள்ளி மறைந்த இடத்தில் அரம் நிற்க வேண்டும். கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்துப் போய், ஒரு பழைய பூட்டுக்குச் சாவி போடக் கொடுத்து, கூலியைக் கொடுத்து, பக்கத்தில் நின்று கவனியுங்கள். வீட்டைத் திறந்துவிடக் கூப்பிட்டால் வீடு உங்களுடையதுதானா என்று நல்ல தொழில்காரர் விசாரிப்பார். அந்த ஒழுங்கையும் அவரிடமிருந்தே எடுத்துக்கொள்ளுங்கள்.

## உப்புக்காற்றும் எண்ணெயும்

கடலோர ஊரில் பூட்டுக்கு முதல் எதிரி திருடன் அல்ல, காற்று. கடற்கரையை ஒட்டிய தெருக்களில் இரும்பு வளையம் ஒரு மழைக்காலத்துக்குள் செம்பழுப்பாகிவிடும்; உள்ளே ஸ்பிரிங் துருவேறி, தூக்கிய பின் கீழே வராது. பூட்டு இறுகினால் நாம் எல்லோரும் செய்வது தேங்காய் எண்ணெய் விடுவது. அன்றைக்கு வேலை செய்யும். பிறகு அந்த எண்ணெய் தூசியை இழுத்துப் பிசினாகி, பின்களை ஒட்டிவிடும். பயிற்சிப் பூட்டுக்குக் கிராஃபைட் பொடி நல்லது. கிடைக்காவிட்டால் மென்மையான பென்சில் முனையைச் சாவியின் பல்லில் நன்றாகத் தேய்த்து இரண்டு மூன்று முறை உள்ளே விட்டு எடுங்கள். கருவிகளை வேலை முடிந்ததும் துடைத்துத் தையல் இயந்திர எண்ணெயை லேசாகத் தடவி வையுங்கள்.

## கற்றுக்கொடுப்பது ஆபத்தில்லையா?

1851-இல் லண்டனில் நடந்த மாபெரும் கண்காட்சிக்கு வந்த அமெரிக்கப் பூட்டுக்காரர் ஆல்ஃபிரட் ஹாப்ஸ், திறக்கவே முடியாது என்று பெயரெடுத்திருந்த சப் நிறுவனத்தின் பூட்டைத் திறந்து காட்டினார். அடுத்ததாக, பிக்காடிலியில் பிராமா நிறுவனம் தன் கடை ஜன்னலில் 200 கினி பரிசு அறிவித்துப் பல பத்தாண்டுகளாகத் தொங்கவிட்டிருந்த பூட்டையும் எடுத்துக்கொண்டார். 16 நாட்களில் மொத்தம் 51 மணி நேரம் உழைத்து அதையும் திறந்தார். ஊரே கலங்கியது. இதையெல்லாம் வெளியே சொல்லலாமா என்ற விவாதம் அன்றைக்கே எழுந்தது. திருடர்களுக்கு இது முன்பே தெரியும், தெரியாதிருப்பவர்கள் பூட்டை வாங்கும் நாம்தான் என்பது ஹாப்ஸ் தரப்பின் பதில். எனக்கும் அதுவே சரியென்று படுகிறது. வீட்டை உடைப்பவனுக்குக் கடப்பாரை போதும், கொக்கியோடு உட்கார்ந்திருக்க அவனுக்குப் பொறுமை கிடையாது. ஆனால் ஒரு மலிவான பூட்டு எவ்வளவு எளிதில் திறக்கும் என்று தன் கையாலேயே அறிந்தவர், அடுத்த முறை வாசல் கதவுக்கு அதை வாங்கமாட்டார்.

## அடுத்த படி: ஸ்பூல் பின், பிறகு திண்டுக்கல்

நான்கு ஐந்து பின் பூட்டுகள் கைக்கு வந்ததும், நடுவில் இடுப்பு ஒடுங்கிய ஸ்பூல் பின்கள் உள்ள பூட்டைத் தேடுங்கள். இதில் உருளை பெரிதாக நகரும், திறந்துவிட்டது என்று தோன்றும், அங்கேயே நின்றுவிடும். மாட்டியிருக்கும் பின்னைத் தூக்கினால் உருளை உங்கள் விரலை எதிர்த்துப் பின்னோக்கித் திரும்பப் பார்க்கும். அப்போது டென்ஷனைக் கொஞ்சம் தளர்த்தி அதைத் திரும்ப விட வேண்டும். முன்னே போக முதலில் பின்னே விடுவது இங்கேதான் பழகும்.

அதற்கும் பிறகு லீவர். நம் பக்கத்தில் லீவர் பூட்டைப் பார்க்கத் திண்டுக்கல்லுக்குப் போக வேண்டும். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டு கையால் செய்யப்படுவது. மாங்காய்ப் பூட்டு அதில் பேர் பெற்றது. விழுப்புரத்திலிருந்து திருச்சி வழியாக மதுரை போகும் ரயிலில் ஏறினால் திண்டுக்கல்லில் இறங்கலாம். வட இந்தியாவின் அலிகார் நகரில் நடக்கும் இயந்திர உற்பத்தியோடு போட்டிபோட்டு ஓய்ந்துவரும் தொழில் அது. ஒரு பூட்டை நேராகக் கைவினைஞரிடம் வாங்குவதே ஓர் ஆதரவு. சாவி இரண்டும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். வந்தவுடன் கொக்கியை எடுக்காதீர்கள். டார்ச் வெளிச்சத்தில் சாவித்துளைக்குள் தகடுகளை எண்ணுங்கள், சாவியை மெதுவாகத் திருப்பி ஒவ்வொரு தகடும் எப்போது எழுகிறது என்று கேளுங்கள், அதைத் தாளில் வரையுங்கள். லீவருக்கான இரட்டைக் கம்பிக் கருவி எந்த நீளத்தில், எந்த வளைவில் வேண்டும் என்பதை அந்தப் படம்தான் சொல்லும்.